பந்தை எறியப் போவது யார்?

என் கணவர் ஒரு ஃபுட்பால் கோச்சுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டார். கூடவே இருபத்திரண்டு ஸ்லைடு. யாரும் கேட்கவில்லை.

எங்கள் மகள் யாழினி, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் இருக்கும் சின்னக் காலேஜ் ஒன்றில் டேட்டா சயன்ஸ் படிக்கிறாள். அந்தக் காலேஜ் டீமுக்குப் புள்ளிவிவரம் பார்த்துச் சொல்லும் மாணவர் வேலையும் செய்கிறாள். ஒரு வருஷம் வெயிலிலும் குளிரிலும் நின்று ப்ராக்டிஸை வீடியோ எடுத்தவளுக்கு, இந்த சீசனில்தான் கோச்சின் மீட்டிங் அறைக்குள் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. மெடிக்கல் சீட் கிடைத்திருந்தால்கூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். நாங்கள் பட்டிருப்போம் — அது வேறு கதை.

ஃபுட்பால் என்றதும் காலால் உதைப்பதை நினைக்காதீர்கள். இது அமெரிக்க ஃபுட்பால். நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தைத் தூரமாக எறிந்தும் முன்னேறலாம், கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடியும் முன்னேறலாம். யாழினியின் டீம் ஓடும். நேராக நடுவில் ஓடும். இரண்டு கஜம் போவதற்குள் எதிரணி மொத்தமும் மேலே விழும். எழுந்து, மறுபடியும் நேராக நடுவில்...

மூன்று வாரம் முன்பு மேட்ச் பார்க்கப் போயிருந்தோம். என் கணவர் ரகுவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா இது, திரும்பத் திரும்ப நடுவுலயே போய் முட்டிக்கிறானுங்க! தூக்கி எறிங்கடா!"

முன்வரிசை வெள்ளைக்காரர் அதை உற்சாகக் கோஷம் என்று நினைத்து, திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

சரி, கத்தினார், போகட்டும். வீட்டுக்கு வந்தும் அடங்க வேண்டாமா? மறுநாள் முழுக்க லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வருமான வரியோ என்று நினைத்து, இரண்டு தடவை காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

பார்த்தால், கோச்சுக்கு ஸ்லைடு! அது பழக்க தோஷம். கிண்டர்கார்டனில் யாழினி வரைந்த வானவில்லுக்கு ஒரு ஸ்டார் குறைந்தபோதே டீச்சருக்கு ஈமெயில் போட்டவர் இவர். நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். காலேஜ் போனால் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அப்பாக்கள் எங்கே வளர்கிறார்கள்?

நான்காவது ஸ்லைடில், 'இந்தத் திட்டத்தைப் போட்டவருக்கு அடிப்படை யோசனையே இல்லை' என்று எழுதியிருந்தார். ஒன்பதாவது ஸ்லைடில் பந்தை எப்படியெல்லாம் எறியலாம் என்று கலர் கலராக அம்புக்குறிகள். மெயிலின் அடியில், 'யாழினியின் தந்தை' என்று கையெழுத்து. பெருமையாக அவளுக்கும் ஒரு காப்பி!

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

அதன்பின் அவள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளியதைத் தமிழில் சுருக்கினால் இவ்வளவுதான்: அந்த அறைக்குள் பேசுவது வெளியே போகக்கூடாது. அதுதான் அங்கே முதல் விதி. அவள் வீட்டில் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள் என்றுதான் கோச் நினைப்பார். நாற்காலி போய்விடும்.

கடைசியில் அழுதாள்.

"நல்லதுக்குத்தானடி பண்ணேன்..." என்றார் ரகு, என்னிடம்.

"அவ ஒரு வருஷம் குளிர்ல நின்னு வாங்கின இடம்ங்க அது. நீங்க ஒரே நாள்ல காலி பண்ணிட்டீங்க."

மூன்று நாள் கோச்சிடமிருந்து பதில் இல்லை. யாழினி போன் எடுக்கவில்லை. ரகு சாப்பிடும்போதுகூட மெயிலைத் திறந்து திறந்து பார்த்தார். புதன்கிழமை பதில் வந்தது. நான்கு வரி.

'ஒன்பதாவது ஸ்லைடு பிரமாதம். ஆனால், பந்தை எறியப் போவது யார்? நேராக ஓடுவது உங்கள் மகள் கணக்குப் போட்டுச் சொன்ன யோசனை. காரணத்தை அவளே உங்களுக்குச் சொல்லலாம், நான் அனுமதி கொடுத்துவிட்டேன்.'

ரகு நான்காவது ஸ்லைடைத் திறந்தார். மூடினார். அப்படி ஒரு முகத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் யாழினியே கூப்பிட்டுச் சொன்னாள். நன்றாக எறியும் பையனைப் போன சீசன் முடிந்ததும் ஒரு பெரிய யுனிவர்சிட்டி கொத்திக்கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பவன் எறிந்தால் பாதி எதிராளி கைக்குத்தான் போகிறது. எறிவதற்கு நேரமும் வேண்டும். முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேரால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது. ஆக, இருக்கும் வழிகளிலேயே குறைவாக அடி வாங்கும் வழி... நேராக ஓடுவது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? போன மாதம்தான் இதே மனிதர், "க்ளையன்ட் பாட்டுக்குக் கேக்கறான். இருக்கற நாலு பேர வச்சு நான் எப்படி டெலிவர் பண்றது?" என்று என்னிடம் புலம்பித் தீர்த்தார். அவரவர் ஆபீஸில் ஆள் பற்றாக்குறை. அடுத்தவர் ஆபீஸில் மட்டும் மூளைப் பற்றாக்குறை!

"சாரிடா கண்ணா," என்றார் போனில்.

"இட்ஸ் ஓகேப்பா. பட் நோ மோர் ஸ்லைட்ஸ்."

அந்தச் சனிக்கிழமையும் டீம் தோற்றது. மேட்ச் முடிந்து, பார்க்கிங் லாட்டில் யாழினியிடம் லெமன் ரைஸ் டப்பாவைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரகு ஓடி வந்தார்.

"பிரமாதமான ப்ளான்டா! சூப்பர்!"

"அப்பா... முப்பத்தோரு பாயின்ட்ல தோத்துட்டோம்."

"அதனால என்ன? யார வச்சு ஆடினீங்க, அதப் பாரு!"

யாழினி என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வாய்த்த அப்பா இவர்தான். இருப்பதை வைத்துத்தானே ஆட வேண்டும்?