அக்காவின் முட்டியில் வந்த காய்ப்பு

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் தூக்கியவர் எங்கள் அப்பா. அவர் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது வீங்கி, வலித்து, உயிரை எடுத்ததாம். அதன் மேலேயே மூட்டை வைக்க வைக்க மரத்துப்போய்விட்டதாம். இந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை.

ஆகவே, நீளம் தாண்டும் அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் முட்டிக்குக் கீழே வீங்கியபோது அப்பா பயப்படவில்லை. பூரித்துப்போனார்.

"இது காய்ப்பாக்கும் மோளே. விட்டுடாதே. உறைச்சு மரத்துப்போச்சுன்னா பின்னே வலியே தெரியாது."

அந்த வருஷம் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்க இருந்தார்கள். அக்காவுக்கு உலகத்தில் அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அப்பா விடியும்போதே அவளைக் கடற்கரை மணலில் தவளை மாதிரி குதிக்கவைப்பார். திரும்பி வந்து படியேறச் சுவரைப் பிடிப்பாள். அம்மா, "பிள்ளையைக் கொல்லுறீங்க!" என்று கத்துவாள். "நீ சும்மா இரு, என் தோளைப் பாரு" என்பார் அப்பா. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நானும் நம்பினோம். பாவம், அப்பாவும் நம்பினார்.

தேர்வன்று எர்ணாகுளத்து மைதானத்தில் ஓடிவந்து பலகையை மிதித்து எழும்பியவள், அலறிக்கொண்டு மணலில் விழுந்தாள். முட்டிக்குக் கீழே எலும்பு பிய்ந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அக்கா தாண்டவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா சாயா வாங்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தார். வளரும் பிள்ளைகளுக்கு அந்த இடத்து எலும்பு இளசாக இருக்கும், ஓயாமல் குதித்தால் வீங்கும், வீங்கியதுமே சில மாதம் சும்மா இருந்திருந்தால் தானாக ஆறியிருக்கும் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் நேரில் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். எங்களைத்தான் கேட்டார்.

"பிறக்கும்போதே எலும்பு அப்படியாம்ப்பா. என்ன செஞ்சாலும் இது வந்திருக்குமாம்" என்றாள் அக்கா.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லையே என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பொய் சொன்னது அவள், கிள்ளு எனக்கா! அந்தக் கோபத்தில் அன்று முழுவதும் அவளோடு நான் பேசவில்லை.