பேய் டீச்சரின் நான்காம் அத்தியாயம்

கல்லூரியில் அவளுக்குப் பேய் டீச்சர் என்று பெயர். அமெரிக்கத் திகில் நாவல்களையும் அவை படமான விதத்தையும் எட்டு வருஷமாக ஆய்வு செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? நாவல் என்றால் அவள் சிங்கம். குடல் சரிகிற பக்கத்தைப் படித்துக்கொண்டே பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிடுவாள். படம் என்றால்தான் கதை கந்தல். திரையில் ஒரு கதவு கிரீச்சென்றால் போதும், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்வாள். அப்படிப்பட்ட மகராசி இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாள் என்று கேட்காதீர்கள். அவள் கேட்டது நாவல் மட்டும்தான். படத்தையும் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று ஒட்டவைத்தவர் அவளுடைய ஆய்வு நெறியாளர்.

ஆகவே படம் பார்க்கிற வேலை கணவன் தலையில் விழுந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்குப் பேய் எம்மாத்திரம்? ஞாயிறு மத்தியானங்களில் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பான். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதுவாள்.

"இப்ப கதவு தொறக்குது. கீல்ல எண்ணெயே இல்ல. சரியா பராமரிக்காத வீடு."

அதையும் எழுதிக்கொள்வாள். பதினெட்டுப் படம் இப்படியே ஓடியது.

கடைசிக் கெடு முடிகிற வாரத்தில் வாய்மொழித் தேர்வு வந்தது. தேறினால் பட்டம், பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். தவறினால் இருக்கிற தற்காலிக வேலையும் போச்சு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் பென்சிலால் நான்காம் அத்தியாயத்தைத் தட்டினார்.

"நாவல்ல குழந்தை ஏரியில மூழ்கிச் சாகுது. படத்துல பிழைச்சிடுதுன்னு நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க. 'திரையின் கருணை'ன்னு தலைப்பு வேற. எந்தப் படத்தம்மா பார்த்தீங்க? நான் பார்த்ததுல செத்துப்போச்சே!"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வேறு பதிப்பு, கிதிப்பு என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பாவி மகளுக்கு வாயில் உண்மைதான் வந்தது.

"நான் பார்க்கல மேடம். எனக்குப் பயம். எங்க வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னார்."

நெறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் ஒரு யுகம் போயிற்று.

"ஒரு மாசம் தரேன். உங்க கண்ணால பார்த்து, மாத்தி எழுதிக் குடுங்க. இல்லேன்னா பட்டத்த உங்க வீட்டுக்காரருக்குத்தான் தரணும்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எட்டு வருஷ உழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! அந்தக் குழந்தை சாகுதாமே?"

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "சாகுதா?"

"என்னையே கேக்குறீங்களா?"

"அந்த எடத்துல நானும் கண்ண மூடிக்கிட்டேன். நீ வேற என்னாச்சு என்னாச்சுன்னு உசுர வாங்குன. பொழைச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். சின்னக் குழந்தை. வேற என்னத்தச் சொல்றது?"

"மத்த பதினேழு படம்?"

"அதுலல்லாம் பெரியவங்கதான சாகுறாங்க. நல்லாப் பார்த்தேன்."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, போதாததற்கு விளக்கையும் போட்டுக்கொண்டு படத்தை ஓடவிட்டாள். ஏரி வந்ததும் அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணை மூடவில்லை. தண்ணீரில் குழந்தையின் சிவப்புத் தொப்பி மட்டும் மிதந்து வந்தது. கன்னம் நனைந்தது. அப்போதும் மூடவில்லை.

"என்னாச்சு?" தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கரைக்குத் தூக்கிட்டாங்க. துண்டால துவட்டுறாங்க."

"பார்த்தியா! அந்தம்மாவுக்குத்தான் படமே சரியாத் தெரியல."

"ஆமாங்க" என்றாள். பிறகு நோட்டை அவன் பார்க்காத பக்கமாகத் திருப்பி, நான்காம் அத்தியாயம் என்று போட்டு, குழந்தை இறந்துவிடுகிறது என்று எழுதினாள்.