அஞ்சலை கேட்டு வாங்கிய தவிடு

அடைக்கல மாதாவை நம்பியிருக்கும் எல்லோருக்கும் ரெட்டிபாளையம் ஆரோக்கியமேரி எழுதுவது. மாதா எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எத்தனையோ தடவை முயன்றேன். பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள்.

என் முதல் பிள்ளை வீட்டிலேயே செத்துப் பிறந்தது. இரண்டாவது பெண். பெயர் வைப்பதற்குள் அவளும் போய்விட்டாள். மூன்றாவது தங்கியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. வயிறுதான் காட்டிக் கொடுத்தது. ஊரில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் 'உச்' கொட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போய் மாதா முன்னால் முழங்காலில் நின்று, "இதையாவது எனக்கு விட்டு வை தாயே" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். விடாத மழை. வலி எடுத்துப் பனிக்குடம் உடைந்த பிறகும் பிள்ளை இறங்கவில்லை. பஸ் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே ஓடும் கல் லாரி ஒன்றை நிறுத்தி, டிரைவருக்குப் பக்கத்தில் என்னை ஏற்றினார்கள். வேகமாகப் போனால் பள்ளத்தில் உயிர் போகும், மெதுவாகப் போனால் நேரம் போகும். டிரைவர் பாவம், என் முகத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார். அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நான் ஜெபத்தை நிறுத்திவிட்டேன். இரண்டு பிள்ளைக்குக் கேட்காத காது மூன்றாவதுக்குக் கேட்குமா என்று தோன்றிவிட்டது.

ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. நீலம் பாரித்துக் கிடந்தான். தட்டித் தட்டி, கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி. என் தலையைத் தொட்டு, "பால் குடிச்சாத்தாம்மா எதுவும் சொல்ல முடியும். நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம்" என்றார். எனக்கோ காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மாரில் ஒரு சொட்டுப் பால் இல்லை. நர்ஸம்மா பாலாடையில் புகட்டிப் பார்த்தார். விட்டதெல்லாம் கடைவாய் வழியே வழிந்துவிட்டது.

என் மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, பிள்ளையின் தலையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயர் சொல்லி, 'அடைக்கலம்' என்று ஞானஸ்நானம் கொடுத்தார். சாகப்போகிற பிள்ளைக்குத்தான் சாமியார் இல்லாமல் நாம் அப்படிக் கொடுப்போம். எனக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் என் மாமியார் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒரு கையில் ஜெபமாலை இருந்தாலும் இன்னொரு கை சும்மா இருக்காது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை முன்பின் அறியாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்து தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். நம் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று ஆகிவிட்டால் சாவு அதைத் தேடி வராதாம். என் வீட்டுக்காரரைத் தவிடு வாங்கிவர ரைஸ் மில்லுக்கு விரட்டிவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

வார்டு வாசலை ஒட்டி, பாயில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ துணைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு மாமியார் நேரே அவளிடம் போனார்.

"தாயி, இத உன் புள்ளையா நெனச்சி மடியில வாங்கிக்க. பொறவு நான் தவிடு குடுத்து வாங்கிக்கிறேன்."

நான் பதறிப்போய் வாசல் பக்கம் திரும்பினேன். அவள் பெயர் அஞ்சலை. செட்டிகுளத்துக்காரி. ரோடு போடும் வேலைக்குப் புருஷனோடு இந்தப் பக்கம் வந்தவள். அன்று காலையில்தான் அவள் பெற்ற பிள்ளை இறந்துபோயிருந்தது. அவள் கத்தியதை நான் படுக்கையிலிருந்து கேட்டேன். மாமியார் அப்போது வெந்நீர் வாங்கப் போயிருந்தார், அவருக்குத் தெரியாது. "அத்தை, வேணாம்" என்று கூப்பிடப் பார்த்தேன். அதற்குள் மாமியார் பிள்ளையை நீட்டிவிட்டார்.

அஞ்சலை கையை நீட்டினாள். மடியில் போட்டுக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுடைய ரவிக்கை நனைந்தது. மாமியார் அதைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை விரலால் பாலைத் தொட்டு அவன் உதட்டில் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. அவன் சப்பினான்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் மட்டும் அழவில்லை, பயத்திலும்தான். இனி அவளிடம் எந்த முகத்தோடு பிள்ளையைத் திருப்பிக் கேட்பது?

என் காய்ச்சல் விட்டு, பால் சுரக்கிற வரைக்கும் அவள்தான் கொடுத்தாள். என் கட்டிலுக்கு அவள் வரமாட்டாள். பிள்ளை அழுதால் மாமியார் கொண்டுபோய்க் கொடுப்பார், வயிறு நிறைந்ததும் தூக்கிவருவார். என் வீட்டுக்காரர் வாங்கிவந்த தவிட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். "அவளா தராம நாம கேக்கக் கூடாது அத்தை" என்றேன். மாமியாரும் தலையாட்டினார்.

அவள் புருஷன் கூட்டிப்போக வந்த அன்று, அவள் பிள்ளையை வைத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, தவிடு எங்க?" என்று மாமியாரைக் கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்குத் தாயி இப்ப? நீ செஞ்சதே போதும்" என்றார் மாமியார்.

"இல்லங்க. சும்மா குடுத்தா புள்ள தங்காது. முறையா வாங்கிக்குங்க."

பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திவிட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். மாமியார் அழுதுகொண்டே பையைக் கவிழ்த்தார். அஞ்சலை அந்தத் தவிட்டை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இவன் எங்கிட்ட வாங்குன புள்ளக்கா. நல்லா பாத்துக்குங்க" என்றாள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள். பிள்ளை பெற வந்தவள் தவிட்டோடு ஊர் திரும்பினாள்.

மாதா என் ஜெபத்தைக் கேட்டாள். நான் நிறுத்திய பிறகும் கேட்டாள். இதுதான் என் சாட்சி. ஆனால் அஞ்சலையும் செட்டிகுளம் முருகனிடம் வேண்டிக்கொண்டுதானே வந்திருப்பாள்? அது ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். தவிட்டு வழக்கத்துக்காக மாமியாரைத் திட்டியவர், இதற்கு அவளுக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். மாதாவும் தன் பிள்ளையைப் பறிகொடுத்து மடியில் போட்டுக்கொண்டவள்தான். அந்த ஆஸ்பத்திரியில் அவள் எந்தப் பக்கம் இருந்தாள் என்று யாராவது கேட்டால், வாசலோரப் பாயைத்தான் காட்டுவேன்.

அன்றிலிருந்து என் ஜெபமாலை எனக்காக மட்டும் ஓடுவதில்லை. எங்கள் பக்கம் யார் பிரசவத்துக்குப் போனாலும் துணைக்குப் போகிறேன். பிள்ளையோடு இருப்பவர்களைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். நான் முதலில் வெறுங்கையோடு இருப்பவள் பக்கத்தில் போய் உட்காருவேன். நீங்களும் மாதாவை நம்பிக் கேளுங்கள். கேட்கத் தெம்பில்லாமல் போனாலும் பயப்படாதீர்கள். எனக்கும் தெம்பு இல்லைதான்.

அடைக்கலம் இப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் 'தவிட்டு' என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிறது. என் வீட்டுக்காரர் செட்டிகுளம் போய்த் தேடிப் பார்த்தார். அஞ்சலை என்ற பெயரில் அங்கே எத்தனையோ பேர். எங்களுடைய அஞ்சலை கிடைக்கவில்லை. இதைக் கேட்கிறவர்கள் யாராவது அவளைப் பார்த்தால், அவளுக்குப் படிக்கத் தெரியாது, வாயால் சொல்லுங்கள்: அக்கா, நீ விற்ற பிள்ளை தங்கிவிட்டான்.