எட்டு நாள் பதிவு

பட்டுக்கோட்டையில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் ஆறு வருடம் போன் எடுக்கும் வேலை பார்த்தேன். மேசையில் இரண்டு போன்கள், அவற்றோடு இணைத்த ஒரு ரெக்கார்டர். வருகிற அழைப்பெல்லாம் அதிலிருக்கும் மெமரி கார்டில் பதிவாகும். எங்களுக்கு வரும் அழைப்புகளுக்கு ஒரு கார்டு நிறைய எட்டு நாள் ஆகும். நிறைந்தாலும் பதிவு நிற்காது. பழையதை அழித்து அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். ஒன்பதாம் நாள் பேசுகிறவரின் குரல் முதல் நாள் பேசியவரின் குரல்மேல் ஏறிவிடும்.

கார்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கடல் பக்கத்துக் காற்றுக்கு அதன் உலோகக் கோடுகள் கறுத்துப்போகும். பதிவை நிறுத்தி, சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் வெளியே எடுப்பேன். விளக்கு எரியும்போது உருவினால் பதிவு முழுக்கக் கெட்டுவிடும். காய்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைப்பேன். மாற்றுக் கார்டை, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தேன். "புள்ளய வளக்குற மாதிரி வளக்குறீங்க அக்கா" என்பார் டிரைவர்.

ஒரு வைகாசி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். பேராவூரணி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். புருஷன் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டான். அந்த ஊரின் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. கிழக்குத் தெருவிலிருந்து மேற்குத் தெருவுக்கு வண்டி போக வேண்டுமானால் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். அவள் வழி சொல்லும்போதே இன்னொரு போனும் அடித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பி டிரைவரிடம், "மேற்குத் தெரு, சீக்கிரம் போங்க" என்றேன்.

வண்டி மேற்குத் தெருவில் போய் நின்று, விசாரித்து, சுற்றிக்கொண்டு போவதற்குள் இருபது நிமிடம் கூடுதலாகிவிட்டது. அவன் ஆஸ்பத்திரி வாசலில் இறந்துபோனான்.

டிரைவர் திரும்பி வந்து வண்டியைக் கழுவினார். "அந்தப் பொண்ணு பதட்டத்துல தெருவ மாத்திச் சொல்லிருச்சு போலக்கா."

"ஆமா" என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி.

மறுநாள் காலையில் பதிவைப் போட்டுக் கேட்டேன். "கிழக்குத் தெருங்க. வாய்க்காலுக்குக் கிழக்கால." மூன்று முறை சொல்கிறாள். அதற்குப் பின் என் குரல், நிதானமாக: "கிழக்குத் தெரு. சரிம்மா."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வளைகுடாவில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர், நல்ல மனிதர். எழுந்து கதவைச் சாத்தினார். "விழுந்த உசரத்துக்கு அவரு பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டரே சொன்னாரும்மா. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்கு ஓடட்டும். எட்டு நாள்ல தானா போயிடும்."

என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அழுகையும் நன்றியும் சேர்ந்து வந்தன. அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆறாம் நாள் டிரைவர் அந்த ஊர்ப் பக்கம் போய்வந்தார். துக்க வீட்டில் அந்தப் பெண்ணின் மாமியார், "வழிய மாத்திச் சொல்லி எம்புள்ளயக் கொன்னுட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். "அந்தப் பொண்ணும் ஆமா, நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுதுக்கா. சோறே திங்கலையாம்."

அதைக் கேட்ட பிறகும் நான் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். எட்டாம் நாள் காலையில்தான் பதிவை நிறுத்தினேன். விளக்கு அணைந்தது. கார்டை எடுத்து, அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை நகத்தால் தள்ளினேன். இனி யாரும் அதில் எழுத முடியாது. மாற்றுக் கார்டை ரெக்கார்டரில் செருகிவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பேராவூரணி பஸ் ஏறினேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு போன் எடுத்தது நாந்தாம்மா. நீ சரியாத்தான் சொன்ன. மாத்திச் சொன்னது நான்."

"யாரு சொல்லிக் குடுத்து அனுப்புனது?" என்றாள் மாமியார்.

நான் பதிலுக்குப் பதிவை ஓடவிட்டேன்.

அதுவரை எத்தனையோ முறை கேட்டிருந்தேன். கிழக்கு என்ற ஒரு சொல்லுக்காக மட்டுமே கேட்டிருக்கிறேன். அந்த வீட்டு அமைதியில்தான் அவள் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருப்பது தெரிந்தது. "தண்ணி... கொஞ்சம் தண்ணி குடு."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"தண்ணி கேட்டுருக்காரு. எனக்குக் காதுல விழல. உங்ககிட்ட வழி சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"உசரத்துலேந்து விழுந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதும்மா" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவளுக்கு அது எட்டவில்லை. "குடுக்கல, குடுக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பழியை இறக்கி வைக்கப் போனவள், அதைவிடப் பெரிய ஒன்றை அவள் தலையில் ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் நகர்ந்து வந்து அவள் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது.

இறந்தவனின் தம்பி என்னை வாசல்வரை கூட்டிவந்தான். "வந்து சொன்னீங்க, சரி. இனிமே வராதீங்க." கோபமில்லாமல்தான் சொன்னான். கார்டை அவனிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்த மாதமே வேலையை விட்டேன். முதலாளி காரணம் கேட்கவில்லை. இப்போது ஒரு ஜவுளிக் கடையில் துணி மடிக்கிறேன். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்களாம், சேர்ந்தே கயிற்று ஆலைக்கு வேலைக்குப் போகிறார்களாம். டிரைவரை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். அவள் இப்போது சாப்பிடுகிறாளா என்று கேட்க நினைத்தேன். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.