கடைசிக் கூம்பும் வழியில் போனவரும்

எந்த வாசலைத் தாண்டுவதற்கு முன்பும் அவர் வலது காலின் நுனியை நிலைப்படிமேல் வைத்து இடமிருந்து வலமாக மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகுதான் அடுத்த கால் உள்ளே வரும். தேநீர்க் கடை, வங்கி, மருத்துவமனை, எல்லாம் ஒன்றுதான். பின்னால் வருபவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொள்வார்கள். "மன்னிச்சிருங்க, தொழில் புத்தி" என்பார். லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று காலால் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிப்போன மனிதருக்கு, தரை இருக்கும் இடமெல்லாம் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தை அவர் தன் வண்டிக்கும் ஊட்டியிருந்தார்.

நாங்கள் ஒரு சிறு கூட்டம். வார நாட்களில் ஆளுக்கொரு பிழைப்பு; மிச்ச நேரத்தில் தானே ஓடும் வண்டிகள் செய்வோம். முழங்கால் உயரத்துக்கு நான்கு சக்கரம், ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் கேமரா. கைவிடப்பட்ட ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை போட்டி. டயர்கள், பலகை ஏற்றம், ஒரு மணல் பாத்தி. இவற்றுக்கிடையே மூன்று ஆரஞ்சு நிறக் கூம்புகள். பொத்தானை அழுத்தியதோடு மனிதன் வேலை முடிந்தது. அதன்பின் வண்டி தானே பார்த்து, தானே யோசித்து, ஒவ்வொரு கூம்பையும் முட்ட வேண்டும். முட்டினால் மூன்று தடவை பீப் அடிக்கும். செய்தவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட நடக்கலாம். திட்டலாம், கெஞ்சலாம். தொடக் கூடாது.

முடித்தவர்களுக்குக் கோப்பை எதுவும் கிடையாது. கயிற்றில் கோத்த ஒரு பெரிய பித்தளை நட்டைக் கழுத்தில் மாட்டிவிடுவோம், அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது லிஃப்ட்காரரின் ஆசை. வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தார், ஒருமுறைகூட முடித்ததில்லை. வழியில் ஒரு காகிதத் துண்டு கிடந்தாலும் அவர் வண்டி நின்றுவிடும். சந்தேகம் வந்தால் நில் என்பதுதான் லிஃப்டின் முதல் பாடமாம். நின்று நின்று நேரம் தீர்ந்துபோகும்.

"மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாருய்யா! யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று மருந்துக்கடைக்காரர் கத்துவார். அவர் வண்டி கண்ணை மூடிக்கொண்டு பாயும் ரகம். அப்படியே மாப்பிள்ளை என்ற பெயர் லிஃப்ட்காரர் வண்டிக்கு நிலைத்துவிட்டது.

"உங்க வண்டி மாதிரி சுவத்துல மோதி மூக்கு உடையலையே?"

"மூக்கு உடைஞ்சாலும் முன்னாடி போய் உடையுது சாமி. உங்களுது கதவைத் திறங்கன்னு கேட்டுக்கிட்டே நிக்குது."

லிஃப்ட்காரர் சிரித்துவிடுவார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "இந்தத் தடவை அக்காவைக் கூட்டிட்டு வரலாம்னு பார்த்தேன். டியூட்டி இருக்காம்" என்பார். கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவும் தம்பியும் இரண்டு அறை வீடொன்றில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அக்காவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

என் வண்டி முதல் ஆண்டே மணலில் புகைந்து போனது. அதிலிருந்து கடைசிக் கூம்பின் அருகே கடிகாரத்தோடு நிற்பது என் பொறுப்பு. பேச வேண்டியிராத வேலை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

அந்த ஆண்டு மாப்பிள்ளை திருந்தியிருந்தது. முதல் கூம்பை முட்டியது. பலகை ஏற்றத்தில் சறுக்காமல் ஏறி இறங்கியது. இரண்டாவதையும் முட்டியது. மருந்துக்கடைக்காரர் கிண்டலை மறந்து, "வா ராசா, வா" என்று குனிந்து நடந்தார். லிஃப்ட்காரர் பின்னால் கட்டியிருந்த கைகளின் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. கடைசிக் கூம்புக்கு நேராக வந்த வண்டி சற்றே தயங்கியது. கம்பம் இடதுபுறம் திரும்பியது. பிறகு நிதானமாகத் தடத்தைவிட்டு விலகி, பக்கவாட்டு வாசலை நோக்கிப் புறப்பட்டது.

அங்கே ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒளிரும் பட்டை வைத்த ஆரஞ்சு கோட்டு. கையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. பள்ளிக்கூட வாசலில் வாகனங்களை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவைப்பவர்கள் போடும் கோட்டு. ஆரஞ்சு உடுத்தி வராதீர்கள் என்று பெரிய வாசலில் நாங்கள் எழுதி ஒட்டியிருந்தோம். பக்கவாட்டு வாசலில் ஒட்டவில்லை.

மாப்பிள்ளை அவர் கால் செருப்பை முட்டியது. மூன்று தடவை பீப் அடித்தது.

அவர் முகம் மலர்ந்தது. வண்டி ஜெயித்துவிட்டது என்றே நினைத்திருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் நடுவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஒரு பௌதிக ஆசிரியர். விதி என்றால் விதி.

"யாரும்மா நீங்க? யாரைப் பார்க்க வந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. வெளியாள் குறுக்கே வந்தால் மறுபடி ஓடவிடுவோம். போட்டியாளரின் சொந்த ஆள் என்றால் அந்த ஆண்டுக்கு அந்தப் போட்டியாளரே வெளியே. மருந்துக்கடைக்காரரின் மைத்துனர் ஒருமுறை குடைக் கம்பியால் வண்டியை நெம்பிவிட்டதிலிருந்து அமலில் இருக்கும் சட்டம்.

அந்த அம்மாள் லிஃப்ட்காரரைப் பார்த்தார். நடுவரும் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆளா?"

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலின் நுனி சிமெண்டுத் தரையில் இடமிருந்து வலமாக ஒருமுறை போனது.

"தெரியலைங்க சார். வழியில போறவங்கபோல."

"ஆமாங்க" என்றார் அந்த அம்மாள் உடனே. "கூட்டமா இருந்துச்சு. என்னன்னு எட்டிப் பார்த்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

பிறகு குனிந்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைக் கோட்டு நுனியால் தட்டிவிட்டு லிஃப்ட்காரரிடம் நீட்டினார். வெளியாட்கள் எல்லாரும் கேமராக் கம்பத்தைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், நாங்கள் பதறுவோம். அவர் இரண்டு பக்கமும் கை கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். அது என் மனதில் ஒரு ஓரமாகக் கிடந்தது. அவர் போய்விட்டார்.

மறு ஓட்டம் கிடைத்தது. இந்தத் தடவை மணல் பாத்தியில் வண்டி நின்றுவிட்டது. போச்சு என்று எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அது கொஞ்சம் பின்னால் வந்து, யோசித்து, வேறு பக்கமாகத் திரும்பி ஏறியது. என் காலடியில் இருந்த கூம்பை முட்டியது. மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து லிஃப்ட்காரரைக் கட்டிப்பிடித்து, "மாப்பிள்ளை தாலி கட்டிட்டாருய்யா!" என்று கத்தினார். நடுவர் கழுத்தில் பித்தளை நட்டை மாட்டினார். லிஃப்ட்காரர் பக்கவாட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் நட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தில் நானும் அவரும்தான். வண்டி அவர் மடியில் இருந்தது.

"அது என் அக்கா" என்றார்.

எனக்கு எப்போதும் வார்த்தை தாமதமாகத்தான் வரும்.

"எத்தனை வருஷமா வா வான்னு கூப்பிட்டிருப்பேன். இன்னைக்கு ஸ்கூல் சீக்கிரம் விட்டிருக்காங்கபோல. கோட்டைக்கூடக் கழட்டாம ஓடி வந்திருக்கா." கொஞ்ச நேரம் சக்கரத்தை விரலால் சுற்றினார். "வீட்ல கூம்பு ஏதுங்க? அந்தக் கோட்டைத்தான் நாற்காலில மாட்டிவச்சு இதுக்குப் பழக்கினேன். இது தப்பாப் போகல. சரியாத்தான் போச்சு."

"நடுவர்கிட்ட இப்பக்கூடச் சொல்லிடலாம்ணே."

"சொன்னா அவ பொய் சொன்னான்னு ஆயிடுமே."

பேருந்து வந்தது. படியில் ஏறுமுன் காலால் தொட்டுப் பார்க்க அவர் மறந்துவிட்டார்.

அன்று வீட்டில் நடந்ததைப் பின்னொரு நாள் சொன்னார். அக்கா சமையலறையில் இருந்தாளாம். "முடிச்சியா?" என்று கேட்டாள். "முடிச்சேன்" என்றார். "சரி, கை கால் கழுவிட்டு வா, ஆறிடும்." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால், தாங்கியிருப்பேன் என்றார். நட்டைக் கதவுக்குப் பின்னால் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டார். மறுநாள் அது அலமாரியில், துணி போட்டுத் துடைத்து, கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருந்ததாம்.

அடுத்த ஆண்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். "நான் எதுக்குடா? நான் வந்தா அது குழம்பும்" என்று சிரித்திருக்கிறாள். கோட்டு இல்லாமல் வரலாமே என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அந்த ஆண்டு அவர் வெறுங்கையோடு வந்தார். மாப்பிள்ளை கட்டிலுக்கடியில் இருக்கிறது என்றார். கூம்புகளைத் துடைத்து வைத்தார், மணலை நிரவிக் கொடுத்தார். பெரிய வாசலில் இருந்த அறிவிப்பைப் போலவே இன்னொன்று எழுதிப் பக்கவாட்டு வாசலில் ஒட்டினார். ஒட்டியவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தானே கிழித்துவிட்டார்.

"அவ பார்க்காமப் போயிட்டாளே தம்பி" என்பார் என்னிடம், வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது. "ஒரே ஒரு தடவை முடிச்சேன். அதையும் அவ பார்க்கல."

இந்த ஆண்டு என் அலுவலகம் இடம் மாறியது. வழியில் ஒரு பள்ளிக்கூடம். ஆரஞ்சு கோட்டைப் பார்த்ததும் நான் எதிர்ப்பக்கமாக நழுவத்தான் நினைத்தேன். அதற்குள் 'நில்' பலகை உயர்ந்து வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன.

"நீங்க கடிகாரத்தோட நின்ன தம்பிதானே? சின்னவன் இப்பல்லாம் அந்த வண்டியைத் தொடறதே இல்லப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன். எவ்வளவு அழகா ஓடுச்சு! மணல்ல நின்னுட்டுதேன்னு பார்த்தா, பின்னாடி வந்து, யோசிச்சு, வேற பக்கமா ஏறுச்சே!"

தலையாட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மணலில் நின்றது மறு ஓட்டத்தில். திரும்பி வந்து கேட்டேன்.

கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, கம்பி வேலிக்கு வெளியே ஒரு லாரியின் மறைவில் கடைசிவரை நின்றிருக்கிறார். நட்டு மாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான், தம்பி வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று ஓடியிருக்கிறார்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் பலகையை இறக்கியபடி. "வழியில போறவங்க அவ்வளவு நேரம் நிக்க மாட்டாங்கல்ல."