ரத்தத்தில் ஏறிய ஆசிட்

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் இருந்தார். இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. ஒருநாள் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, செருப்பே போட முடியவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ரத்தம் பரிசோதித்து ரிப்போர்ட்டோடு திரும்ப வரச் சொன்னார்கள்.

வீட்டில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரில் உறையை நானே பிரித்தேன். லிவர் என்ற தலைப்பின் கீழே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரி. எதிரே பெரிய எண்கள், பக்கத்தில் நட்சத்திரக் குறி. தலைகால் புரியவில்லை. அடியில் யூரிக் ஆசிட், அதற்கும் ஒரு நட்சத்திரம். ஆசிட் எனக்குத் தெரிந்த வார்த்தை.

"ஏங்க, ஆசிட்டு ரத்தத்துலயே ஏறிடுச்சுங்க."

"நான் சொல்லல? பத்து வருசமா அந்த நெடியத்தான முழுங்கறேன்."

ஈரல் கெட்டால் காமாலை, காமாலை என்றால் கண் மஞ்சள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அந்த இரண்டு வரிகளை அத்தோடு விட்டுவிட்டேன். கிளினிக்குக்கு நாங்கள் திரும்பப் போகவே இல்லை.

அவர் சூப்பர்வைசரிடம் தாளைக் காட்டிப் பேக்கிங்குக்கு மாறிக்கொண்டார். பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி அன்றைக்குக் கேசரி கிண்டினேன். நல்ல கூத்து! பட்டறை ஆட்களிடம் ஒரு வைத்தியம் உண்டு: நெடி நெஞ்சில் தங்காமல் இருக்க சாயங்காலம் ஒரு குவார்ட்டர். தொட்டியை விட்ட பிறகு அது இரண்டானது. ரத்தத்தில் இருப்பதைக் கழுவ வேண்டாமா என்றார். குடிக்கச் சொல்லும் சாக்கு என்று தெரியும். ஆனாலும் பாதி நம்பினேன். கால் வீங்கிய நாட்களில் நானே டம்ளரை எடுத்து வைத்தேன்.

இரண்டாம் வருஷம் அவர் வயிறு பானை மாதிரி உப்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பழைய தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மொதலே பரபேகித்தம்மா" என்று கன்னடத்தில் சொன்னார். முன்பே வந்திருக்க வேண்டும் என்கிறார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்.

"இது ஃபேக்டரி ஆசிட் இல்லம்மா. எல்லார் ஒடம்புலயும் ஊறுறதுதான். குடிச்சா ஏறும், கால் வீங்கும். மேல இருக்கற ரெண்டு வரிதான் ஈரல். அப்பவே குடிய விட்டிருந்தா தேறியிருப்பார்."

இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் கையை விரித்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம் பொண்டாட்டிக்கு இங்கிலீஷு படிக்கத் தெரியும்னு பட்டறை பூரா சொல்லி வெச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் நாலு மாதம்தான் இருந்தார்.