வேன் விலைக்கு ஒரு கமரா

பதுளை பஸாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நானா வேனை விற்றுவிட்டுக் கமரா வாங்கினார். வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வருடங்கள் அவை. சீற் கிழிந்த பழைய வேன்கள்கூட, புதிதாக வாங்கிய விலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நானாவின் வேன் கல்யாண ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடும். ஹயர் இல்லாத நாட்களில் வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றி வரும். அதை ஒரு வியாழக்கிழமை விற்றார். சனிக்கிழமை கொழும்புக்குப் போய், கல்யாணப் படம் எடுக்கும் தொழிலை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் அந்தக் கமராவையும் அதற்குரிய ஒரே ஒரு லென்ஸையும் வாங்கினார். திரும்பி வந்தது ரயிலில். வேன் இல்லையே.

ஊரில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர். நமுனுகுல மலையடிவாரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் எந்தக் கோயில் எப்போது கட்டப்பட்டது, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் எதற்கு எப்போது கரண்ட் வந்தது என்று விசாரித்து எழுதி வைப்பது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை. தேதி இல்லாத படம் எனக்குப் பாதிப் படம். அதனால் பழைய படங்களைப் பிரதி எடுக்க நானாவின் கடைக்கு அடிக்கடி போவேன். கமரா வந்த வாரமும் போனேன்.

"வாங்க மாஸ்டர். இதக் கொஞ்சம் பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். எதிரிலிருந்த புடைவைக் கடையின் படம். "என்ன தெரியிது?"

"எதிர்க்கடை."

"இன்னம் கிட்டப் போங்க."

பெருப்பித்தேன். வாசலில் தொங்கிய சேலைகள் தெரிந்தன. இன்னும் பெருப்பித்தேன். சேலையில் குத்தியிருந்த விலைச்சீட்டு தெரிந்தது. அதற்குமேலும் போனால் விலையை அடித்துத் திருத்தி எழுதியிருந்த பேனா நீலம் தெரிந்தது. திருத்தியது கூட்டித்தான்.

இதற்கு மீடியம் ஃபோர்மட் என்று பெயர் என்றார் நானா. சாதாரணமாகப் பெரிய கமரா என்று நாம் நினைப்பவற்றின் உள்ளே படத்தைப் பதியும் சில்லைவிட இதன் சில்லு ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. ஒரு படத்துக்குப் பத்துக் கோடிப் புள்ளி. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்தால், பார்க்கும் முகம் மட்டும் ஊசிபோலத் தெளிவாக இருக்கும்; முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் வெண்ணெய்போலக் கரைந்துவிடும். "கமராக்குக் குடுத்தது பாதிக் காசு. மத்தப் பாதி இந்தத் தொறப்புக்குத்தான்" என்றார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சேலைச் சீட்டைப் பார்த்த பிறகு எனக்கும் ஒன்று வேண்டும்போல இருந்தது. ஆசிரியர் சம்பளத்தில் அது வரும் வழி எதுவும் இல்லாததால் ஆசை என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

நானாவின் மனைவி காசுப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடையின் வரவு செலவு அவர் பொறுப்பு.

"மாஸ்டர், நீங்களே செல்லுங்க. வேன் சும்மா நின்டாலும் வெல ஏறிச்சி. இது சும்மா நின்டா எறங்கிது."

"இது நிக்காது. ஓடும்" என்றார் நானா.

"எங்க ஓடும்? ஐடென்டி படம் எடுக்கவா?"

அதில் நியாயம் இருந்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண், தன் கன்னத்து மயிர்க்கால்களை எண்ணக்கூடிய அளவில் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்க ஸ்டூடியோவுக்குப் போய்விட்டிருந்தாள். கல்யாண வீட்டார் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொன்னார்கள். அதற்குப் பத்துக் கோடிப் புள்ளி தேவையில்லை. தீபாவளி சீசன் முடிவதற்குள் கமரா ஒரு நல்ல வேலையைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். கேட்டு வாங்கக் கொழும்பில் ஒரு ஆள் இருந்தான். நானா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் இருக்க, விற்பதற்கு வேறு வாகனம் அவரிடம் இல்லை.

அந்த நல்ல வேலை என் வழியாக வந்தது.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயிலுக்குப் புது மண்டபம் கட்டியிருந்தார்கள். வழக்கம்போல வீட்டுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், கோயிலுக்கென்று பிடிக்கப்பட்டிருந்தது. பேர் கொடுத்த வீட்டுக்கு ஒருவர் வீதம் எல்லாரும் நிற்கும் படம் ஒன்றை மண்டபச் சுவரில் பெரிதாக மாட்டுவது என்று கமிட்டி தீர்மானித்தது. முன்பு தேருக்கு நன்கொடை கொடுத்தபோது ஃபோனில் படம் எடுத்துப் பெருப்பித்ததில் பின்வரிசை முகங்கள் களிபோலக் குழைந்துபோய், அது யார் இது யார் என்று இரண்டு லயத்துக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். எனவே, படமெடுக்க ஆள் தேடித் தரச் சொல்லி வந்த தொழிற்சங்கத் தலைவர், அவரே கோயில் கமிட்டித் தலைவரும், என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சார், எல்லா மூஞ்சியும் தெரியணும். பேர் குடுத்தவன் மூஞ்சி தெரியலன்னா, பேரத் திருப்பிக் குடுன்னு என்னயத்தான் புடிப்பான்."

"அதற்கென்றே ஒரு கமரா பதுளையில் இருக்கிறது" என்றேன். படம் பிடித்துப்போனால் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் கோயில்களும் கேட்கும் என்றார் தலைவர்.

திருவிழாவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, நானாவும் நானும் பஸ்ஸில் போனோம். கமராப் பையை அவர் மடியை விட்டு இறக்கவில்லை. கோயில் முன்றலில் முதல் வரிசைக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் கமிட்டி, ஓரத்தில் கணக்கப்பிள்ளை. அதற்குப் பின்னால் பெஞ்சில் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் நின்றார்கள். இன்னும் பின்னால் கோயில் படிகளில் மிச்சப்பேர். மண்டபத்தின் அடிக்கல்லும் படத்தில் விழும்படி நான் பார்த்துக்கொண்டேன். அதில் வருடம் வெட்டியிருந்தது.

மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. வெளிச்சம் குறைந்தது. இப்படிப்பட்ட வெளிச்சத்துக்குத்தான் இந்த லென்ஸ் என்று நானா சந்தோஷமாகச் சொல்லித் துவாரத்தை முழுதாகத் திறந்தார். கமரா தானாகவே ஒரு முகத்தைத் தேடிப்பிடித்துப் பச்சைச் சதுரம் போட்டது. "அசையாதீங்க" என்றார். காலையில் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்பதுபோல எல்லாரும் நின்றார்கள்.

மறுநாள் கடையில் பெருப்பித்துப் பார்த்தபோது, இரண்டாவது வரிசைப் பெண்கள் ஒவ்வொருவரின் மூக்குத்திக் கல்லும் தெரிந்தது. ஒருத்தியின் நெற்றியில் திருநீறு மூன்று விரல் பட்ட இடமாகப் பிரிந்து தெரிந்தது. முதல் வரிசை இலேசாகக் கரைந்திருந்தது. மூன்றாவது இன்னும் கொஞ்சம். படியில் நின்றவர்கள் வெண்ணெய். அடிக்கல்லில் வருடம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தலைவர் வந்தார். வெகு நேரம் திரையைப் பார்த்தார்.

"நான் எங்கங்க இருக்கேன்?"

"முன் வரிசையில நடுவுல" என்றார் நானா.

"அந்தப் பொகையா?"

"கமராவே மூஞ்சத் தெரிஞ்சி எடுக்கிது, தலைவர். அதுக்கு அந்த ரெண்டாவது வரிசை அக்காடது புடிச்சீக்கி."

"இம்புட்டு வெல குடுத்து வாங்கியிருக்கீங்க. தலைவர் யாருன்னு அதுக்குத் தெரியாதா?"

எல்லா முகமும் தெரியாத படத்துக்குக் கமிட்டி ஒரு சதமும் தராது என்று தலைவர் எழுந்து போனார். போகும்போது என்னையும் ஒருமுறை பார்த்தார். நானாவின் மனைவி கமராவின் பெட்டியை ராக்கையிலிருந்து இறக்கித் துடைக்கத் தொடங்கினார். விற்கும்போது பெட்டி இருந்தால் விலை கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் தலைவர் தோட்டத்துக்குப் போய், படம் எப்படிக் கெட்டது என்று எல்லாருக்கும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். "பெஞ்சில குந்துன பொம்பளைங்க மட்டும் சினிமாக்காரி மாதிரி இருக்காளுக" என்பது அவர் வாசகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"நானா, அந்தப் படத்துல என்னய மட்டும் வெட்டி எடுக்க ஏலுமா?" என்று கேட்டாள் வயதில் மூத்தவள். பச்சைச் சதுரம் விழுந்த முகம் அவளுடையதுதான்.

"ஏலும். எதுக்கு?"

"செத்தா வைக்கிறதுக்கு."

நானா என்னைப் பார்த்தார். அவள் தொடர்ந்தாள்: "எங்க லயத்துல யாராச்சும் போயிட்டா மொதல்ல ஐடென்டியத்தான் தேடுறாங்க. அதத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு ஓடிவந்து, பெருசாக்கி மால போடுறாங்க. ஐடென்டியில நான் களவாணி கேஸ்ல மாட்டுனவ மாதிரி இருக்கேன். செத்த பெறகும் அந்த மூஞ்சியோடயே தொங்கணுமா?"

"இப்பவே என்னாக்கா அவசரம்?" என்றாள் இளையவள்.

"படம் ரெடியா இருந்தா அவசரமே இல்லடி. நிம்மதியா இருக்கலாம்."

நானா அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார். அத்தனை பேர் நின்ற படத்திலிருந்து பிரித்தெடுத்தும், தனியாக ஸ்டூடியோவில் உட்கார வைத்து எடுத்ததுபோல இருந்தது. பின்னால் நின்றவர்கள் நல்ல நிறத்தில் ஒரு மூட்டமாகிவிட்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்து முதலில் முந்தானையைச் சரிசெய்தாள்.

"சுத்திவர பூ போட்டுத் தரட்டா?"

"இப்ப வேணாம் நானா. பூவுக்கு எடம் மட்டும் விட்டு வைங்க."

மூன்று பேரும் ஃபிரேம் போட்டே எடுத்துப்போனார்கள். அதற்கடுத்த வாரத்தில் பெஞ்சின் மிச்சப்பேரும் வந்தார்கள். ஐப்பசி பிறந்த கையோடு தலைவர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"சார், அந்த நானாவ மறுபடி கூட்டிட்டு வரணும். இங்க நிம்மதி இல்ல. எல்லாத்துக்கும் ரெண்டாவது வரிசை வேணுமாம்."

மீண்டும் ஒரு ஞாயிறு போனோம். முன்றலில் நாற்காலிகளில் யாரும் இல்லை. பெஞ்சில் இடம் பிடிப்பதற்கு ஒரு தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருந்தது. தலைவர் ஏற்கனவே பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் ஒன்றும் இல்லை, துவாரத்தைச் சின்னதாக்கினால் எல்லாரும் தெளிவாக விழுவார்கள் என்று நானா விளக்கினார்.

"அப்ப மொதத் தடவையே சின்னதாக்கி எடுத்திருக்கலாமே?" என்றார் கணக்கப்பிள்ளை.

"அந்தப் பெரிய ஓட்டைக்குத்தானே நான் வேன வித்த?"

யாரும் நம்பவில்லை. அவர்கள் பக்கம் கண்ணால் கண்ட அத்தாட்சி இருந்தது: பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்திருக்கிறார்கள், நாற்காலியில் இருந்த பெரிய மனிதர்கள் விழவில்லை. வெறும் நாற்காலிகள் எதற்கு, எடுத்துவிடலாம் என்று நானா யோசனை சொன்னபோது, நாற்காலிக்குப் பக்கத்தில் யாரையும் போகவிடவில்லை. பெஞ்சு இரண்டாவது வரிசையாக இருப்பதற்கு முன்னால் ஒரு வரிசை இருந்தாக வேண்டும்.

கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். பெஞ்சு நிறைய உட்காரும் ஆட்களை ஒரு தடவை எடுப்பது. எழுந்து போய் அடுத்தவர்கள் உட்காருவது. முன்னால் வெற்று நாற்காலிகள் அப்படியே இருப்பது. நானா துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பெஞ்சு ஊசிபோல விழுந்தது. கடைசிக் கூட்டம் உட்காரும்போது மூட்டம் இறங்கிவிட்டது. அதுவும் கெடுதல் செய்யவில்லை. வாங்கிய காசுக்கு அந்த லென்ஸ் முழுதாக வேலை செய்த நாள் அது என்று திரும்பி வரும் பஸ்ஸில் நானா சொன்னார்.

அந்தப் படங்கள் இப்போது மண்டபச் சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒரே பெஞ்சு, ஒரே கோயில், வேறு வேறு ஆட்கள். எல்லாப் படத்திலும் முன்னால் கரைந்துபோன நாற்காலிகள். வராமல் போன முக்கியஸ்தர்கள் யார் என்று வெளியூர்க்காரர்கள் விசாரிக்கிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தேதியை நான்தான் போட்டேன். அடிக்கல்லின் வருடம் ஒன்றிலும் தெரியவில்லை. கமிட்டி காசைக் கொடுத்துவிட்டது. பக்கத்து டிவிஷன்களிலிருந்தும் ஆள் வந்தது. முன்னால் போட நாற்காலி தாங்களே கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்கள்.

தீபாவளி முடிந்த வாரம், அச்சான படங்களில் தேதி சரியா என்று பார்க்கக் கடைக்குப் போயிருந்தேன். மதிய நேரம். கமராவைக் கேட்டிருந்த அந்த ஆள் கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தான். நானா உள்ளே யாரோ ஒருவருக்குப் பூவுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினார்.

"ஓ, இன்னம் ஈக்கி... கீறல் ஒன்டும் இல்ல. பெட்டியும் ஈக்கி... நீங்க எவ்வளவு தருவீங்க?"

அந்தப் பக்கத்தில் அவன் ஒரு தொகை சொன்னான். அவர் காசுப்பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அது விக்கிறதுக்கில்ல தம்பி" என்று ஃபோனை வைத்தார்.

நானா வெளியே வந்தார். "எவ்வளவு செல்லினான்?"

"அது என்னத்துக்கு ஒங்களுக்கு?"

நானா இரவுச் சாப்பாட்டின்போதும் கேட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்து, பக்கத்தில்தானே இருந்தீர்கள், காதில் விழவில்லையா என்றார். விழவில்லை. தொகை என்ன என்று அந்த அம்மா இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.